பானகம் வேண்டாம்னு சொன்னவர்

ஒரு ஊர்ல ஒரு பெரிய தேர் இருந்துச்சு. மாடி வீட்டு உசரம். கிளம்பிடுச்சுன்னா அதுக்குத் தானா நிக்கத் தெரியாது. நிறுத்தணும்னாலும் திருப்பணும்னாலும் சக்கரத்துக்கு அடியில ஒருத்தர் கட்டை சொருகணும். குனிஞ்சு சொருகி, உருவி, மறுபடி ஓடணும். கொஞ்சம் பிந்தினா யாராவது சக்கரத்துக்குள்ள போயிடுவாங்க. ம் சொல்லு கண்ணு.

ம்.

வலது சக்கரத்துக்குக் கட்டை போடுறவர் பேரு குத்தாலிங்கம். இடது சக்கரத்துக்கு அவரு பொஞ்சாதியோட தம்பி இசக்கிராஜா.

அப்புறம் குத்தாலிங்கத்துக்குச் சுகர் வந்துச்சு. டாக்டரம்மா சொன்னாங்க: "நல்லா வேர்க்க வேர்க்க ஓடுங்க, பளு தூக்குங்க. ஆனா இந்த மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்தோட செய்யாதீங்க, சுகர் ஒரேயடியா இறங்கிடும். கை நடுங்கினா உடனே இனிப்பை வாயில போடுங்க. கூட இருக்கறவங்ககிட்டயும் சொல்லி வைங்க."

அவரு முதல் பாதியை மட்டும் கேட்டுக்கிட்டார். விடிஞ்சதும் ஆத்து மணல்ல தம் தம்னு ஓடுவார். கட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டுக் கோயில் மதிலைச் சுத்துவார். உடம்பு இறுகுச்சு, சுகரும் இறங்குச்சு. ஆனா ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. சீக்காளி கையில தேரைக் கொடுப்பாங்களா? கட்டையைப் பிடுங்கிடுவாங்கன்னு பயம்.

அப்போ தேர் நாள் வந்துச்சு. கட்டை போடுறவங்க, தேர் நிலைக்கு வந்து சேர்ற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம். மாத்திரை என்ன சோறான்னு நினைச்சு, அதை மட்டும் முழுங்கிட்டுப் போனார்.

கடகட கடகடன்னு தேர் கிளம்புச்சு. முதல் திருப்பத்துல கட்டையைச் சொருகினார். கிர்ர்ர்னு தேர் திரும்புச்சு. ஆனா முதுகு சில்லுன்னு வேர்த்துச்சு. வெயில்ல வேர்க்குறது மாதிரி இல்லை அது. ஒரு அம்மா செம்பை நீட்டினாங்க. "பானகம் குடிங்கண்ணே."

"விரதம்மா."

இசக்கிராஜா அந்தப் பக்கம் இருந்து சிரிச்சான். "என்ன அத்தான், பொண்ணு பார்க்கப் போற மாதிரி நடக்கிய?"

"வாயைப் பொத்திக்கிட்டு உன் சக்கரத்தைப் பாருலே."

அப்புறம் ரெண்டாவது திருப்பம். கை கிடுகிடுன்னு நடுங்குச்சு. கட்டை டொக்குன்னு தரையில முட்டி நழுவப் பார்த்துச்சு. இசக்கிராஜா பார்த்துட்டான்.

"அத்தான், உடம்புக்கு என்ன செய்யுது? ஒரு வாய் பானகம் குடிங்க. சாமி கோவிச்சுக்கிடாது."

எனக்குச் சுகர் இருக்குலேன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு. சுத்தி ஆளுக நின்னாங்க. "ஒண்ணுமில்லலே"ன்னுட்டார்.

மூணாவது திருப்பத்துக்கு அங்கிட்டு வீதி சரிவு. அவரு கண்ணுக்குச் சக்கரம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. யாரோ செம்பை வாய்கிட்டயே கொண்டு வந்தாங்க. வெல்ல வாசம். உடம்பு மொத்தமும் அதைக் கேட்டுச்சு. மனசு மட்டும், வெல்லம் உனக்கு விஷமாச்சேன்னுச்சு. தட்டி விட்டுட்டார். அந்த நேரத்துல அவருக்கு மருந்தே அதுதான், கண்ணு.

ம்.

தேர் சரிவுல மடமடன்னு இறங்குச்சு. அவரு கட்டையோட பொத்துன்னு விழுந்தார். சக்கரம் அவரு தலைக்கு நேரா வருது. இசக்கிராஜா தன் கட்டையோட தேருக்கு முன்னால குறுக்க ஓடி வந்து, வலது சக்கரத்துக்கு அடியில வச்சான். வச்சுட்டான். காலை எடுக்கத்தான் நேரமில்லை. மளுக்குன்னு ஒரு சத்தம்.

தேர் நின்னுடுச்சு.

"செத்துட்டாங்களா?"

இல்லை கண்ணு. குத்தாலிங்கம் குளுக்கோஸ் ஏத்துனதும் எழுந்து உட்கார்ந்துட்டார். இசக்கிராஜாவுக்கு முழங்காலுக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க. அவன் கட்டில் பக்கத்துல போய் இவரு உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து அத்தான்?"

"எட்டு மாசமா."

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்லா."

குத்தாலிங்கம் போர்வையை இழுத்து அவன் காலை மூடி விட்டார்.

அப்புறம் மறுவருஷம் கட்டை போட ஆள் தேடினாங்க. அவரு போய் எல்லார் முன்னாலயும் சொன்னார்: "எனக்குச் சுகர் இருக்கு. சாப்பிட்டுட்டுத்தான் கட்டையைத் தொடுவேன். நடுவுல நடுக்கம் வந்தா கட்டையை வேற கையில கொடுத்துட்டு வெல்லம் திம்பேன். சம்மதம்னா நிக்கேன்."

"விரதத்துல திங்கிறதா வே?"ன்னு ஒருத்தர் கேட்டார். கடைசியில ஊர் ஒத்துக்கிடுச்சு. தேர் நாளன்னிக்குக் குத்தாலிங்கம் ஊரே பார்க்க, தேருக்கு முன்னால இலையைப் போட்டு உட்கார்ந்தார். இசக்கிராஜா கம்பை ஊனிக்கிட்டு வந்து, தன் கையாலயே இட்லியை வச்சான்.

"இன்னொண்ணு வச்சுக்கிடுங்க அத்தான். ஓடணும்லா."

அவரு அந்தக் கம்பைப் பார்த்துக்கிட்டே மென்னு மென்னு முழுங்கினார்.

அவ்வளவுதான், கதை நிலைக்கு வந்தாச்சு. நீயும் கண்ணை மூடித் தூங்கு.