வாசலில் செருகிய வேப்பங்கொப்பு

வதனி, அந்தக் கைய ஆட்டாத தாயி, ஊசி நகந்துரும். இன்னொரு கைய வேணா எம்மேல போட்டுக்கோ. நானும் கையக் கழுவிட்டுத்தான் உக்காந்திருக்கேன், ரெண்டு தடவ. பாட்டில்ல மருந்து பாதிகூட இறங்கல. சொட்டு... சொட்டு... அதையே பாத்துக்கிட்டு இருந்தா நேரம் போகாது. உங்கம்மா வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு வந்துருவா. அதுவரைக்கும் பெரியம்மா ஒரு கத சொல்லுதேன். நீ 'ம்' கொட்டணும். கொட்டலன்னா தூங்கிட்டேன்னு நிறுத்திருவேன். சரியா?

ஒரு ஊர்ல ஒரு தெரு. தெரு முனையில ஒரு வேப்பமரம். தன் கொப்பு ஒரு நாள் ஒரு பொய்க்கு ஆகப்போகுதுன்னு அந்த மரத்துக்குத் தெரியாது. மரத்துக்கு எதுத்த வீட்ல இசக்கின்னு ஒருத்தியும் அவ மக முத்தரசியும் இருந்தாவ. இசக்கி புருசன் லாரிய ஓட்டிக்கிட்டு எங்கேயோ நாக்பூர்ப் பக்கம். முத்தரசிக்கு உன் வயசுதான். ஆளு ஒல்லிக்குச்சி, வாய் மட்டும் எட்டூருக்குக் கேக்கும்.

அந்த முத்தரசிக்கு ரத்தத்துல புத்துநோய் வந்துச்சு.

ம். உனக்கு வந்திருக்கே, அதேதான். மொகத்தச் சுருக்காத. முழுசாக் கேளு.

அப்போ ஆஸ்பத்திரி டாக்டரம்மா இசக்கியக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னா: "இந்த மருந்து கெட்ட அணுவ அடிக்கும். அடிக்கும்போது நல்ல அணுவும் கொஞ்சம் அடிபடும். உடம்புக்குக் காவல் நிக்கிற வெள்ளை அணு கொறஞ்சிரும். அது திரும்ப வளர்ற வரைக்கும் பிள்ளைய நீங்கதான் காவல் காக்கணும். கூட்டம் கூடாது. சளி, இருமல் உள்ளவங்க கிட்ட வரக்கூடாது. நல்லா வெந்த சாப்பாடு, காச்சின தண்ணி. ரூமுக்குள்ள பூ, செடி எதுவும் வேண்டாம். உடம்பு சுட்டா, மாத்திரை குடுத்துப் பாப்போம்னு வீட்ல உக்காராதீங்க. உடனே தூக்கிட்டு வந்துருங்க. வந்துட்டா நாங்க பாத்துக்கிடுவோம்." அந்தக் கடைசிச் சொல்ல மட்டும் ரெண்டு தடவ சொன்னா.

இசக்கி எல்லாத்துக்கும் தலைய ஆட்டினா. காய்ச்சல் பாக்குற குச்சி ஒண்ணு வாங்கி வச்சா. துணிப்பை ஒண்ணுல ஆஸ்பத்திரிக்கு வேணுங்கிறத எல்லாம் எடுத்து வச்சு, கதவுப் பக்கமா மாட்டினா. ஆனா ஒண்ணு மட்டும் செய்யல. என்ன நோய்னு தெருவுல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. சொன்னா என்ன ஆகும்? ஒட்டிக்கிடுமோன்னு பிள்ளையத் தள்ளி வைப்பாவ. நாளைக்கு இவள எவன் கட்டுவான்னு இப்பவே பேசுவாவ. இப்பிடி அவளா நெனச்சுக்கிட்டு, "மஞ்சக்காமாலை"ன்னு சொல்லி வச்சா.

காமாலைன்னா சும்மா இருப்பாவளா? பாக்க வருவாவல்லா!

முதல்ல வந்தது தாய்மாமன் பொண்டாட்டி. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே வந்தா. கையில மல்லியப்பூ. "எம் மருமவளே, எப்பிடி எளைச்சிட்ட!"ன்னு குனிஞ்சு கன்னத்துல பச்சக்குன்னு ஒரு முத்தம். இசக்கி பூவ வாங்கி வெளிய வச்சிட்டு, ஈரத்துணியால பிள்ள கன்னத்தத் தொடச்சா.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி கோமு வந்தா. இடுப்புல ஒரு பிள்ள, அதுக்கு மூக்கு சளசளன்னு ஒழுகுது. அதக் கொண்டுபோய் முத்தரசி பாயிலயே உக்கார வச்சா. "அக்காகூட வெளாடுடா."

அப்புறம் மூணாவதா வந்தது மீன் விக்கிற சுடலி. அவள நீ பாத்திருக்கணும். சுடலி தெருவுல நுழைஞ்சா முதல்ல வாசம் வரும், அப்புறம் சத்தம் வரும், கடைசியாத்தான் சுடலி வருவா. கூடைய வாசல்ல பொத்துன்னு வச்சிட்டு, செதில் ஒட்டின கையோட உள்ள வந்து, முத்தரசி மொட்டைத் தலையத் தடவினா.

"ஏ மொட்டச்சி, எந்தக் கோயில்லட்டி முடி குடுத்த?"

"ஊசி போடுற கோயில்ல, அத்த."

"அங்க என்ன பிரசாதம்?"

"இட்லி. ரெண்டு நாளா ஒரே இட்லி."

சுடலி கெக்கெக்கேன்னு சிரிச்சா. இசக்கிக்குச் சிரிப்பு வரல. அந்தச் செதிலையே பாத்துக்கிட்டு நின்னா. பாசத்தோட வந்தவள வெளிய போன்னு சொல்ல யாருக்கு வாய் வரும், நீயே சொல்லு?

ம்.

அப்போ என்ன செஞ்சா? முனையில நிக்கிற வேப்பமரத்தப் பாத்தா. படக்குன்னு ஒரு கொப்ப ஒடிச்சா. சர்ருன்னு கொண்டாந்து வாசல் நிலையில செருகிட்டா.

நம்ம பக்கத்துல அதுக்கு என்ன அர்த்தம்? அந்த வீட்ல அம்மை போட்டிருக்கு, ஆத்தா வந்திருக்கான்னு அர்த்தம். வெளி ஆள் ஒருத்தர் வாசப்படிய மிதிக்க மாட்டாவ. மாமன் பொண்டாட்டி தெருவோட திரும்பிட்டா. கோமு பிள்ளைய உள்ள இழுத்துக் கதவச் சாத்திட்டா. சுடலிகூட எதுத்த பக்கமா நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டு, குரலத் தாழ்த்திப் போனா. சுடலி குரல் தாழ்ந்தத அன்னைக்குத்தான் தெரு பாத்துச்சு.

"அம்மா, இது பொய்தான?"ன்னு முத்தரசி கேட்டா.

"பொய்யில்லட்டி, காவல்."

காவல் நல்லாத்தான் நடந்துச்சு. இசக்கி சோத்தக் கொழைய வேகவச்சுக் குடுத்தா. வாய்ப்புண்ணுக்கு உப்புத்தண்ணி கொப்புளிக்க வச்சா. நீ காலைல மொரண்டு பிடிச்சியே, அதே உப்புத்தண்ணி. முத்தரசியும் துப்பிக்கிட்டேதான் திட்டுவா.

அப்புறம் ஒரு நாள் காலைல பிள்ள கிடுகிடுன்னு நடுங்குது. இசக்கி குச்சிய அக்குள்ல வச்சா. பீப், பீப், பீப். நூத்தி ரெண்டு!

இசக்கி ஒரு நிமிசம் யோசிக்கல. பைய மாட்டினா, பிள்ளையத் தோள்ல போட்டா, கதவத் தொறந்தா. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆஸ்பத்திரியில மருந்து ஏறணும். காவல்காரன் இல்லாத உடம்புல காய்ச்சல் காத்துக்கிட்டு இருக்காது.

வாசல் தாண்டல, கோமு கத்துறா: "ஏ இசக்கி! ஆத்தா வந்த பிள்ளைய வெயில்ல தூக்குறியே, உனக்கு அடுக்குமா?" இசக்கி காதுல வாங்கல. நடந்தா.

முனையில ஆட்டோ நின்னுச்சு. ஓட்டுறவன் மாசானம், நல்ல பையன். அவன் கையெடுத்துக் கும்புட்டான். "யக்கா, கோவிச்சுக்காத. எம் பொண்டாட்டிக்கு நிறைமாசம். அம்மை போட்ட பிள்ளைய ஏத்திட்டு நான் எப்பிடி வீட்டுக்குப் போவேன்?" அவன் சொல்லுறதும் நியாயந்தான?

பெரிய ரோட்டுக்கு நடந்தே போயிருவோம்னு திரும்புனா, எதுக்க சுடலி. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வழிய அடைச்சு நிக்கா.

"எங்கட்டி போற? அம்மைக்கு ஆஸ்பத்திரியா? ஊசி போட்டா ஆத்தா தாங்குவாளா? பிள்ளைய வாரிக் குடுக்கணுமா உனக்கு? என்னத் தாண்டிப் போ, பாப்போம்!"

"மயினி, வழிய விடுங்க. அம்மை இல்ல. சும்மாதான் செருகினேன்."

"சும்மாவா? ஆத்தா பேரச் சொல்லி எவளாவது சும்மா செருகுவாளா? ஏ மாசானம், இவளுக்குப் புத்தி கலங்கிட்டுடா!"

பாத்தியா? உண்மையச் சொன்னா ஒருத்தரும் நம்பல. ஆத்தா பேர்ல பொய் சொல்ல ஒருத்திக்குத் துணிச்சல் வரும்னு அந்தத் தெருவுக்குத் தோணவே இல்ல. கொப்பு செருகினது பிள்ளைக்குக் காவலா. இப்போ அந்தக் கொப்பே பிள்ளைய மறிச்சிக்கிட்டு நிக்கி.

இனி நோய் பேரச் சொன்னாத்தான் வழி. இசக்கி வாயத் தொறந்தா. "இவளுக்கு ரத்தத்துல... ரத்தத்துல..." அதுக்கு மேல வரல.

அப்போ தோள்ல கிடந்த முத்தரசி மெதுவாத் தலையத் தூக்கினா.

"புத்துநோய் அத்த. முடிய நான் கோயில்ல குடுக்கல, மருந்துல கொட்டிருச்சு. சரியாயிரும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா. நீ வழிய விட்டாத்தான் ஆகும்."

கோமு வீட்டு அடுப்புல உல கொதிக்குற சத்தம் மட்டும் களபுள களபுளன்னு கேக்கு.

சுடலி விரிச்ச கைய இறக்கினா. ஒரு எட்டு முன்னால வந்தா, அப்பிடியே நின்னுட்டா. "எம் மேல மீன் கவுச்சி. கிட்ட வரலாமா இசக்கி?"

"கூடாது மயினி."

அவ்வளவுதான். சுடலி ரெண்டு எட்டுப் பின்னால போனா, திரும்பினா, ஒரு கத்து கத்தினா பாரு! "ஏ மாசானம், சாமி கும்புட்டது போதும், வண்டிய எடுலே! ஏளா, அந்தக் கொடத்த நகத்து! எவன்லே சைக்கிள நடுவுல போட்டவன்?"

டுர்ர்ர்ருன்னு ஆட்டோ கெளம்பிச்சு. முன்னால சுடலி ஓட, பின்னால ஆட்டோ. மாசானம் ஹாரனே அடிக்கல. எதுக்கு? அதான் சுடலி வாய் இருக்கே.

ஆஸ்பத்திரியில போன உடனே ரத்தம் எடுத்தாவ, மருந்து ஏத்தினாவ. "காய்ச்சல் வந்ததும் வந்தீங்களே, அதுவே பாதி வேல"ன்னு டாக்டரம்மா சொன்னா. கொஞ்ச நாள்ல காய்ச்சல் இறங்கிட்டு. முத்தரசி கண்ணத் தொறந்து முதல்ல கேட்டது என்ன தெரியுமா? "இன்னைக்கும் இட்லியா?"

சிரிக்காத, கை ஆடுது.

அப்புறம் வீட்டுக்கு வந்தாவ. வாசல்ல கொப்பு காஞ்சு சருகா நிக்கி. இசக்கி அத உருவிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "ஆத்தாவப் பொய்க்கு இழுத்துட்டேன் மயினி. கோவிச்சுக்கிடுவாளோ?"

எதுத்த பக்கம் நின்ன சுடலி சொன்னா: "அவ எதுக்குக் கோவிப்பா? ஒரு பிள்ளைக்குக் காவல்தான கேட்ட? எனக்குத்தான் கோவம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் நின்னிருக்க மாட்டேனா?"

மறுநாளு விடியுது, கொப்பு இருந்த எடத்துல சுடலி. மீன் கூடையக் கவுத்துப் போட்டு வாசலுக்கு வெளிய உக்காந்திருக்கா. பக்கத்துல வாளித்தண்ணி, ஒரு சோப்பு. அதுக்கப்புறம் தினமும் காலைல வித்து முடிச்சதும் நேரா வந்துருவா.

மாமன் பொண்டாட்டி லொக்குன்னு இருமினதும் சுடலி தடுத்தா. "அங்கேயே நில்லு. முத்தம் வேணும்னா அங்கயிருந்தே பறக்க விடு." கோமு பிள்ளையோட வந்தா. "பிள்ளைக்கு மூக்கு ஒழுகுறது நிக்கட்டும், அப்புறம் பேசலாம்." கோமுவும் கோவிக்கல. அவதான் நாளும் தண்ணி காச்சிக் குடுத்தது. வேற ஒருத்தி வந்து, "ஏ சுடலி, பொட்டப்பிள்ள, நாளைக்கு இவள யாரு கட்டுவா?"ன்னு இழுத்தா. இசக்கி எத நெனச்சு அவ்வளவு நாளும் வாயப் பூட்டி வச்சாளோ, அதே பேச்சு. சுடலி அவள மேலயும் கீழயும் பாத்தா. "உம் மவன நாங்க கேட்டமா?" அதோட அந்தப் பேச்சு தெருவுல செத்துப்போச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு மாசானம் ஆட்டோ சோப்புத் தண்ணில கழுவி வாசல்ல நிக்கும். மருந்து ஏத்திட்டு வந்தா காவல் இறுகும். அணு ஏறினா காவல் கொஞ்சம் தளரும். சுடலி வெளியிலயிருந்தே கேப்பா, "ஏ மொட்டச்சி, உள்ள காவல்காரன் வந்துட்டானாட்டி?"

"பாதிப்பேருதான் வந்திருக்கான், அத்த!"

"மிச்சப்பேரு எங்க போனான், சினிமாவுக்கா?"

இப்பிடியே மழ வந்துச்சு, வெயில் வந்துச்சு, மறுபடியும் மழ வந்துச்சு. ஒண்ணு கவனிச்சியா வதனி? அத்தன பேர நிறுத்தின சுடலி, தானும் ஒரு நாள்கூட வாசப்படி தாண்டல. "உள்ள வா அத்த, பெஞ்சில உக்காரு"ன்னு பிள்ள கெஞ்சும். "எங்கவுச்சி போகாதுட்டி. நீ எந்திரிச்சு வா, நான் இங்கதான் இருக்கேன்"னுருவா.

ம் கொட்டு. முழிச்சிருக்கியா? இன்னும் கொஞ்சந்தான்.

அப்புறம் ஒரு நாள் மருந்தெல்லாம் முடிஞ்சுது. டாக்டரம்மா எல்லாச் சோதனையும் பாத்துட்டு, "நல்லா இருக்கா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. அப்பப்ப வந்து காட்டினாப் போதும்"னு சொன்னா. தலையில முடி கோழிக்குஞ்சு மாதிரி புசுபுசுன்னு. ஆட்டோ வந்து நின்னதும் முத்தரசி தானா இறங்கி, வாசப்படியில ஏறித் திரும்பி நின்னா.

"அத்த, காவல்காரன் எல்லாவனும் வந்துட்டான். உன் வேல முடிஞ்சுது. உள்ள வா."

சுடலி வாளிப் பக்கம் உக்காந்தா. சோப்புப் போட்டுக் கழுவினா. எலுமிச்சம்பழத்த அறுத்துத் தேச்சா. புளியப் போட்டுத் தேச்சா. முழங்கை வரைக்கும் சரக்கு சரக்குன்னு தேச்சிட்டு, மோந்து பாத்தா, மறுபடியும் தேச்சா. அப்புறம் சேலையில தொடைக்காம, ஈரக்கையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வலது கால எடுத்து வாசப்படிக்குள்ள வச்சா. ரெண்டு கையாலயும் பிள்ள கன்னத்தப் பிடிச்சா.

முத்தரசி மூக்கச் சுருக்கினா. "அத்த, இன்னும் மீன் நாறுது."

"நாறட்டும்ட்டி," அப்பிடின்னா சுடலி. விடவே இல்ல.

என்ன? உனக்குக் காவல் யாரா? இங்க இவ்வளவு பெரிசா உக்காந்திருக்கேனே, கண்ணு தெரியலயா? எனக்கும் வாய் இருக்கு, காலைல இருமிக்கிட்டே எட்டிப் பாத்தவர் என்ன பாடு பட்டாருன்னு பாத்தல்ல. நீ எந்திரிச்சு வா, நான் இங்கதான் இருக்கேன்.

சொட்டு... சொட்டு... மருந்தும் இறங்குது. சுடலி உள்ள போய்ட்டா, கத வெளிய வந்துட்டு. மூடின கண்ணத் தொறக்காத. தூங்கு தாயி.