லட்டு அறைச் சட்டம்

முன்னொரு காலத்தில், திருட்டை ஒரே ஓர் அறைக்குள் வைத்து ஒழித்துவிட்ட நாடு ஒன்று இருந்தது. ஒழித்தவர் அமைச்சர் மதிவாணர்.

சவுக்கடி என்றால் மக்கள் திருடாமல் இருப்பார்களா என்று அரசர் ஒருநாள் கேட்டுவைத்தார். மதிவாணர் அரண்மனையில் ஓர் அறையைக் காலிசெய்து, நடுவில் லட்டுத் தட்டு வைத்து, சுவரில் பார்க்கத் துவாரம் போட்டார். உண்டு ஏப்பம் விட்ட சேவகர்களை ஒவ்வொருவராக அழைத்து, வாழைநாரில் திரித்த சவுக்கைக் காட்டி உள்ளே அனுப்பினார். ஒருவரும் லட்டைத் தொடவில்லை.

"மனித மனம் என் உள்ளங்கையில் இருக்கிறது, மன்னவா. இதையே சட்டமாக்குங்கள்."

சட்டம் வந்தது, தோல் சவுக்கோடு. ஒரு பிடி கம்பு தானியம் எடுத்ததற்காக, புல் விற்கும் நாச்சி முதலில் அடிபட்டாள். அவள் கத்தவில்லை. அதுதான் மதிவாணருக்கு என்னவோபோல் இருந்தது.

அடுத்து, கோயில் மடைப்பள்ளியில் சோற்றுருண்டை எடுத்த மூக்கனைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"பசிச்சுது சாமி. கை தானாப் போயிருச்சு."

"கை தானாகப் போகுமோ? அதற்குக் கால் முளைத்திருக்கிறதோ?" என்றார் மதிவாணர். சபை சிரித்தது. விகடகவி உலகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர்மேல் அமைச்சருக்கு நெடுநாள் பொறாமை.

"அடிக்கும் வேலையை உலகப்பனிடம் கொடுங்கள், மன்னவா. மறுத்தால் அந்த அடி அவருக்கே."

உலகப்பன் மறுக்கவில்லை. வாழைநார்ச் சவுக்கோடும் ஓர் இலைச் சோற்றோடும் வந்தார்.

"என்னய்யா இது?" என்றார் அரசர்.

"சோதனையில் காட்டியது இந்தச் சவுக்குதான், மன்னவா. தோல் சவுக்கை அமைச்சர் சோதிக்கவே இல்லை. அங்கே எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள். ஆகவே இவன் முதலில் சாப்பிடட்டும்."

அரசர் கிரீடம் சரியச் சிரித்தார். "மூக்கன் போகலாம். சட்டமும் போகட்டும். உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"நாச்சியின் முதுகுக்கு மருந்தெண்ணெய்."

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது. எண்ணெய் உடனே போயிற்று. அடி முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று மதிவாணருக்குச் சோறு இறங்கவில்லை. மாலையில் அறையைப் பூட்டத் தனியே போனார். தினமும் புது லட்டு வைக்கும் கட்டளையை நிறுத்த மறந்திருந்தார். நாச்சி கத்தாமல் நின்றதை நினைத்தபடி அங்கேயே நின்றார். எடுத்தது நினைவில்லை. வாய் இனித்தது.

திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தார். துவாரத்தில் ஒரு கண் தெரிந்தது. உலகப்பனுடையது.

சற்றுப் பொறுத்து, துவாரத்தை வெளியிலிருந்து ஓர் உள்ளங்கை மூடியது.