மண்டபத்தின் மூலைவிட்டம்

அதிரூபவர்ம மகாராஜாவுக்குக் கல்வெட்டுப் பைத்தியம். கொட்டாவி விட்டால்கூட நாளும் திதியும் போட்டுச் செதுக்கச் சொல்வார். அவர் புதிதாகக் கட்டிய சதுர மண்டபத்துக்குப் பக்கம் சரியாக ஒரு கயிறு நீளம். அதைச் செதுக்கியாயிற்று. அத்தோடு விட்டாரா? "மூலைக்கு மூலை எவ்வளவு?" என்று கேட்டார்.

ஆஸ்தானக் கணிதர் சோமாசியார் கண்ணை மூடித் திறந்தார். "ஒன்றும் ஐந்தில் இரண்டும், அரசே!"

"ஒரு பொட்டுக் குறைகிறதே," என்றான் நக்கண்ணன். சபையில் வேடிக்கை பேசிப் பிழைப்பவன். வாயை அடக்கத் தெரியாது.

"சரி, ஒன்றும் பன்னிரண்டில் ஐந்தும்!"

"இப்போது ஒரு பொட்டுக் கூடுகிறது. எந்தப் பின்னம் சொன்னாலும் இதே கதைதான், ஐயா. மூலைவிட்டத்தின் வர்க்கம் இரண்டு. ஒரு பின்னம் அதற்குப் பொருந்துகிறது என்றே வையுங்கள். சுருக்க முடிந்தமட்டும் சுருக்கியும் விடுங்கள். மேலெண்ணின் வர்க்கம் கீழெண்ணின் வர்க்கத்தைப்போல் இரு மடங்கு. ஆகவே மேலெண் இரட்டைப்படை. அப்படியானால் அதன் வர்க்கம் நாலால் வகுபடும். அதில் பாதிதான் கீழெண்ணின் வர்க்கம்; ஆகவே கீழெண்ணும் இரட்டைப்படை ஆகிவிடும். சுருக்கி முடித்ததை இன்னும் சுருக்கலாமாம்! நடக்கிற காரியமா?"

சோமாசியாருக்குப் புரியவில்லை. ஆகவே கோபம் வந்தது. "பின்னத்தில் அடங்காதது எண்ணே அல்ல! தங்கள் மண்டபத்துக்கு மூலைவிட்டமே இல்லை என்கிறான், அரசே. ராஜத்துரோகம்! தலையை வாங்குங்கள்!"

"நக்கண்ணா, அந்த எண்ணை இப்போதே காட்டு," என்றார் அரசர். "காட்டாவிட்டால் உன் தலை போகும். அதையும் கல்வெட்டில் போடுவேன்."

நக்கண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "பின்னங்களை எல்லாம் வரிசையாக நிறுத்துங்கள், அரசே. வர்க்கம் இரண்டுக்குக் குறைந்தவை இடப்பக்கம். கூடியவை வலப்பக்கம். மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு கூட்டமும் பிரிகிற இடம் இருக்கிறதே, அதுதான் நம் எண்."

"அங்கே எது நிற்கிறது?" என்றார் சோமாசியார்.

"எதுவும் இல்லை."

"கேட்டீர்களா? எதுவும் நிற்காத இடம் இல்லாத இடம்!"

நக்கண்ணன் அரசரைப் பார்த்தான். "நமக்கும் மேலைநாட்டானுக்கும் நடுவே எல்லை உண்டா, அரசே?"

"உண்டா என்றா கேட்கிறாய்? அதற்காகத்தானே போர்மேல் போர் தொடுத்தேன்!"

"அதில் எந்த மண் கிடக்கிறது?"

"இந்தப் பக்க மண் என்னுடையது. அந்தப் பக்க மண் அவனுடையது."

"எல்லைக்கென்று தனியாக?"

"ஒரு பிடிகூடக் கிடையாது. விட்டுவைப்பேனா?"

"அப்படியானால் சோமாசியார் கணக்குப்படி நமக்கு எல்லையே இல்லை. மேலைநாட்டான் காதில் விழுந்தால் ரொம்பச் சந்தோஷப்படுவான்."

அரசரின் மீசை துடித்தது. "சோமாசியாரே, இன்றே எல்லைக்குப் போய்க் குடியிரும். என் மண்ணில் உம் கால் படக் கூடாது. அவன் மண்ணை மிதித்தால் ஒற்றன் என்று அவனே கழுவேற்றிவிடுவான்."

"ஐயோ அரசே! அங்கே கால் வைக்க இடமேது?"

"அப்படியானால் எல்லை இல்லை என்கிறீரா?"

"இருக்கிறது, அரசே, இருக்கிறது! அதில் நிற்கத்தான் எதற்கும் இடமில்லை!"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். நக்கண்ணனின் தலையை அவனுக்கே பரிசாகக் கொடுத்தார். பிறகு சோமாசியார் பக்கம் திரும்பினார்.

"இதையே அவன் சொன்னபோது எதற்கய்யா தலையைக் கேட்டீர்?"