ஒருவரைத் தாங்கும் பாலம்

தென் அமெரிக்காவில் இன்காக்கள் ஆண்ட மலைநாட்டில் ஆழமான ஆறுகளைக் கடக்கப் புல்லால் பாலம் கட்டினார்கள். மலைப்புல்லைத் திரித்துக் கயிறாக்கி, கயிறுகளை முறுக்கி வடமாக்கி, ஊர் கூடித் தொங்கவிடுவார்கள். அப்படி ஒரு பாலத்தின் காவலன் வால்பா.

அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. புது வடங்கள் பாதிதான் முறுக்கி முடிந்திருந்தன. பழையவை ஊறி, இற்று, இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தன. வால்பாவின் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. கடைசியாக எப்போது தூங்கினான் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

காலையில் வடத்தைத் தடவிப் பார்த்தான். இன்னும் ஒரே ஓர் ஆளைத் தாங்கும். அதன்பின் வெட்டிவிட வேண்டியதுதான். தெரியாமல் யாரும் கால் வைத்துவிடக் கூடாது. புதுப் பாலம் எழப் பல நாளாகும்.

இக்கரையில் மூவர் வந்து நின்றார்கள்.

ஒருவன் நினான், அரசின் ஓட்டக்காரன். ஆளுநரின் செய்தியை மனப்பாடமாகக் கொண்டுவந்தவன். அடுத்த ஓட்டக்காரன் அக்கரையில் தயாராக நின்றான். அவன் காதில் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது வழக்கம். பள்ளத்தாக்கோ குறுகல், அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

"என்னை முதலில் விடும். தாமதமானால் உம் தலையும் போகும், என் தலையும் போகும்" என்றான் நினான்.

அடுத்தவன் கிஸ்பி. அரசுக்குக் கல் வெட்டும் ஊழியம் முடித்து ஊர் திரும்புகிறவன். அக்கரை மலைமேல், வீட்டில் அவன் தந்தை சாகக் கிடந்தார். "அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், ஐயா" என்றவன், கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாமவள் சிசா. பண்டம் கொடுத்து உப்பு மாற்ற வந்த இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டவள். அவள் கைக்குழந்தையை ஏந்திக்கொண்டு மணமாகாத தங்கை எதிர்க்கரையில் நின்றாள். அந்தச் சிற்றூரில் பால் கொடுக்க வேறு தாய் இல்லை. சிசா எதிர்க்கரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. மார்பில் பால் கட்டி மேலாடை நனைந்திருந்தது. காலையில் உரக்கக் கேட்ட குழந்தையின் அழுகை இப்போது மெலிந்துவிட்டது.

"பாலம் முறுக்கத்தான் எனக்குத் தெரியும். இதையும் என் தலையில் கட்டுகிறீர்களே" என்றான் வால்பா. மழை மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.

கதை கேட்பவர்களே, நீங்கள் வால்பாவாக இருந்தால் இந்த மூவரில் யாரை அனுப்புவீர்கள்?

விடை: சிசாவை. நினான் சுமந்து வந்தது சொல்; வழக்கத்தை மீறிக் கத்தினால் அது பாலமில்லாமலே கடந்துவிடும். கிஸ்பி போனாலும் போகாவிட்டாலும் அவன் தந்தை பிழைக்கப் போவதில்லை. சிசா போனால் குழந்தை பிழைக்கும். வால்பாவும் அவளையே அனுப்பினான். அவள் அக்கரை சேர்ந்ததும் வடத்தை வெட்டினான். நினான் தயங்கித் தயங்கிக் கடைசியில் செய்தியைக் கத்தினான்: கல் வெட்ட இன்னும் ஆட்களை அனுப்புக. கிஸ்பியும் அதைக் கேட்டான். விடை சரிதான், ஆனால் கிஸ்பிக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் எழுந்து வந்து வால்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பிடி புல்லை எடுத்துத் திரிக்கத் தொடங்கினான்.