கூட்டுக்குள் ஒரு மின்மினி

குளக்கரை ஈச்சமரத்தில் நிறைய தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. அதில் ஒரு கூடு மட்டும் பொழுது சாய்ந்தால் பளிச் பளிச் என்று மின்னும். கருமூக்கன் என்ற ஆண்குருவி செய்த வேலை அது! ஈரக் களிமண்ணைக் கூட்டின் சுவரில் அப்பி, அதில் ஒரு மின்மினியை ஒட்டி வைத்திருந்தான்.

எல்லாம் பிள்ளையைச் சாப்பிட வைக்கத்தான். அவன் குஞ்சு துளிர் லேசில் வாயைத் திறக்கமாட்டான். மின்மினி மின்னினால் மட்டும் ‘ஆ’ என்று பார்ப்பான். அந்த நேரம் பார்த்து அம்மா மஞ்சி ஒரு புழுவை உள்ளே தள்ளிவிடுவாள். என்ன தின்றான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது!

“என் பிள்ளை சத்தமே போடமாட்டான், தங்கம்!” என்று மஞ்சி அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு வந்த வெளிச்சம் அதோடு போகுமா? அலுத்துக் களைத்து வரும் கருமூக்கனும் ‘அப்பாடா’ என்று அதன் முன்னால் உட்கார்ந்தான். மஞ்சியும் வந்து ஒட்டிக்கொண்டாள். தினமும் மூன்று பேரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுமில்லை, சிரிப்புமில்லை.

நெல் முற்றும் காலம் வந்தது. ஒருநாள் சாயங்காலம் பக்கத்துக் கூட்டுக் குருவி கத்திவிட்டுப் போனது. “காலையில எல்லாரும் வயலுக்குக் கிளம்பறோம்! பறக்கத் தெரியாத குஞ்சு இங்கேயேதான் கிடக்கணும்!”

மஞ்சி வெளியே எட்டிப் பார்த்தாள். மற்ற குஞ்சுகள் எல்லாம் கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தன. துளிர் கூட்டைவிட்டுத் தலையைக்கூட நீட்டியதில்லை.

“வெளியே வாடா துளிர்!”

“இரும்மா, இன்னும் ஒரே ஒரு தடவை மின்னட்டும்!”

கருமூக்கனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எப்பப் பார்த்தாலும் வெளிச்சம்! யாரைப் பார்த்துடா இந்தப் பழக்கம் வந்தது உனக்கு?” என்று கத்தினான். கத்தும்போதும் அவன் கண் என்னவோ மின்மினியின் மேல்தான் இருந்தது!

துளிர் அழ ஆரம்பித்தான்.

“அழாதே கண்ணு! உங்கப்பா பறக்கிற மாதிரி பறந்தாப் போதும்” என்றாள் மஞ்சி.

துளிர் அழுகையை நிறுத்திவிட்டு விழித்தான். “அப்பா பறப்பாரா?”

“என்னடா கேள்வி இது!”

“நான் பார்த்ததே இல்லையே! அப்பா உட்கார்ந்துக்கிட்டு வெளிச்சத்தைத்தானே பார்ப்பார்? நீயும் அப்படித்தானேம்மா?”

கருமூக்கனுக்குச் சுருக்கென்றது. அந்தக் குளக்கரையிலேயே வேகமாகப் பறப்பவன் என்று பேர் வாங்கியவன் அவன். பெற்ற பிள்ளைக்கு அது தெரியவில்லை!

உடனே சுவரில் இருந்த களிமண்ணைக் கொத்தி உதிர்த்தான்.

“அம்மாடி! காலெல்லாம் மரத்துப்போச்சு!” என்று முனகிக்கொண்டே மின்மினி வெளியே பறந்தது.

துளிர் கூடே ஆடும்படி வீறிட்டான். பெரியவர்களுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கருமூக்கன் வெறும் சுவரை இரண்டு தடவை பார்த்துவிட்டு அசடு வழிந்தான். பிறகு ஜிவ்வென்று வெளியே பாய்ந்தான். இருட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

“துளிர், இங்கே பாரு!” என்று அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டான்.

துளிர் முதல் தடவையாகத் தலையை நீட்டினான். “ஐ! அப்பா, இன்னொண்ணு!”

கருமூக்கன் இன்னொன்று போட்டான். மஞ்சியும் பக்கத்தில் வந்து சிறகடித்துக் காட்டினாள். துளிர் சிரித்துக்கொண்டே எட்டினான். கால் வழுக்கியது. ஐயோ! தொப்பென்று கீழே போனவன், தண்ணீரைத் தொடும் முன் சிறகை விரித்துவிட்டான். தட்டுத்தடுமாறி ஒரு கிளையில் வந்து உட்கார்ந்தான்.

“அம்மா! நான் பறந்துட்டேன்!”

மஞ்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் மூவரும் கூட்டத்தோடு வயலுக்குப் போனார்கள். பொழுது சாய்ந்ததும் வரப்பெல்லாம் மின்மினிகள் மின்னின. மூவரும் சேர்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள்.

“போதும்ப்பா, நீங்க குட்டிக்கரணம் போடுங்க!” என்றான் துளிர்.

பிள்ளைகள் கைபேசியைவிட்டு நிமிர வேண்டுமானால், நிமிர்ந்ததும் பார்க்க அம்மா அப்பாவின் முகம் எதிரே இருக்க வேண்டும்.