கல்லுத் தம்பிகளை வெட்டச் சொன்ன ராஜா

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ரோமாபுரிய ஆண்ட வலேரன்னு ஒரு ராஜா, ஒருநாள் காலைல நடுச்சந்தையில நின்னு, "என் தம்பிங்க ரெண்டு பேரையும் வெட்டு!"ன்னு கத்திட்டார்.

கேட்டதும் சிற்பி பிரிஸ்காவுக்கு உசுரே போயிருச்சு. நல்லவேளை, அவர் சொன்னது கல்லுத் தம்பிங்கள!

அப்பா ராஜா சாகும்போது தேசத்த மூணாப் பிரிச்சு மூணு மகன்களுக்கும் குடுத்தார். மூணு தலைநகர்லயும் ஒரே செவப்புக் கல்லுல, மூணு பேரும் கட்டிப்புடிச்சு நிக்கிற சிலையும் வெக்கச் சொன்னார். ஆனா கோதுமை வெளையிற சீமை சின்னத் தம்பிக்குப் போனதுல வலேரனுக்குச் செம கடுப்பு. அதுல எண்ணெய ஊத்துனவன் அரசவையில இருந்த டோரஸ். தன் மச்சானுக்குக் கெடைக்காத அரண்மனைச் சிற்பி வேல பிரிஸ்காவுக்குக் கெடச்சிருச்சேன்னு அவனுக்கு வயித்தெரிச்சல்.

"பிரபு, உங்க ஊர்ல அவங்க சிலை எதுக்கு? பிரிஸ்காதான் பெரிய கெட்டிக்காரியாச்சே, வெட்டிருவா!"ன்னு தூண்டிவிட்டான் டோரஸ்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள முடி,"ன்னார் ராஜா பிரிஸ்காகிட்ட. "என் சிலையில ஒரு சில்லு பேந்தாலும் உன் கைய எடுத்துருவேன்!"

பிரிஸ்கா சிலையச் சுத்திச் சுத்தி வந்தா. உளிய எங்க வெச்சாலும் ராஜாவுக்கு அடிபடும். சட்டுன்னு சிரிச்சா. ரெண்டு கோணி எடுத்து தம்பிங்க ரெண்டு பேரையும் இறுக்கிச் சுத்திட்டா!

மறுநாள் ராஜா வந்தா, சந்தையே சிரிக்குது.

"அய்யய்யோ, ராஜாவுக்குக் கை எங்கடி?"ன்னா மீன்காரி.

"இருந்தாத்தானே! ரெண்டுமே காணோம்!"ன்னா பக்கத்துக் கடைக்காரி.

ராஜா மொகம் செவந்துபோச்சு. "என் கை எங்க?"

"ஒண்ணு பெரிய தம்பி தோள்மேல, ஒண்ணு சின்னவர் முதுகுல, பிரபு. ஒரே கல்லு. வெட்டுனா அவங்க கூடவே போயிரும். நான் இன்னும் உளியே வெக்கல. வாள் புடிக்கிற கைய எந்தத் தம்பிக்குக் குடுக்கட்டும்?"

ராஜா கொஞ்ச நேரம் தன் கையையே பாத்தார். அப்புறம் அவரே போய்க் கோணிய அவுத்தார்.

"கெட்டிக்காரிம்மா நீ! அரண்மனைச் சிற்பி வேல ஆயுசுக்கும் உனக்குத்தான். டோரஸ்! இனிமே தெனமும் இந்தச் சிலைமேல புறா போடுற எச்சத்த நீதான் கழுவணும்."

"மூணு பேரையுமா, பிரபு?"

"என் தம்பிங்கள மொதல்ல!"

அன்னிக்கே தம்பிங்களுக்கு விருந்துக்கு ஓலை போச்சு.

உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா? கூடப்பொறந்தவங்கள வெட்டி விட்டுரலாம்னு கோவமா கெளம்பி, கடைசியில பாத்தா உங்க கை அவங்க தோள்மேலயே இருந்துச்சா?