முதலாளி காத்த அடுப்பு

கஸ்பார் முதலாளி வீட்டு விருந்துக்குச் சமையல்காரி பிளோமினா கரிப் புகையடுப்பில் சீலா மீனை அடுக்கி மூடினாள்.

“சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மீன் கெட்டுச்சுன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்” என்ற முதலாளி, நொடிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்தார். திறந்தால் சூடு எங்கே நிற்கும்?

அவள் பக்கத்து அடுப்பிலும் கரி மூட்டி ஈர உமியைத் தூவினாள். உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத புகை. “இதுதான் அடங்காத அடுப்பு முதலாளி. உங்க கைக்குத்தான் கேட்கும்.”

முதலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டே அதைத் திறந்து திறந்து மூடினார்.

விருந்தாளிகள் மீனைப் புகழ்ந்தார்கள். “எல்லாம் நான் வச்ச சூடு” என்று, மிச்ச மீனைக் காட்டத் தான் காத்த அடுப்பைத் திறந்தார். உள்ளே சாம்பல்தான் இருந்தது.

“மீன் எங்கேடி?”

“அது அந்த அடுப்புல வெந்துச்சு முதலாளி. இதை நீங்க திறந்து பார்க்கன்னே வச்சேன்.”

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளைப் போகச் சொல்ல வாயைத் திறந்த முதலாளி, அதில் ஒரு மீன்துண்டைப் போட்டுக்கொண்டார்.